மூன்று மாதம் விழ வேண்டும்

விழுவதற்கு மட்டும் மூன்று மாதம் ஆகும் என்று நான் சொன்னபோது சபைக் கமிட்டியில் எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவர் பொருளாளர் எபனேசர் அண்ணாச்சி. “விழுததுக்கு எதுக்கு டீச்சர் கிளாஸு? எங்க வீட்டுக் கிணத்தடியில பாசி புடிச்சுக் கெடக்கு. அங்கன அனுப்புங்க, ஒரு நிமிசத்துல படிச்சிருவாளுவ” என்றார். அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

என் பெயர் ஜீவமணி. சொந்த ஊர் நாசரேத். அப்போது தூத்துக்குடியில் எங்கள் சபை நடத்திய பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி டீச்சராக இருந்தேன். முப்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதை ஊரில் யாரைக் கேட்டாலும் என்னைவிட விவரமாகச் சொல்வார்கள். மெட்ராஸில் நான் படித்த காலத்தில், போலீஸ் பயிற்சிப் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் வந்து ஜூடோ சொல்லிக்கொடுத்தார். பெண்கள் எட்டுப் பேர் சேர்ந்தோம். இரண்டு வருஷம் முடியும்போது மிஞ்சியவள் நான் ஒருத்திதான். அவர் எங்களை முதல் மூன்று மாதம் யார்மேலும் கைவைக்க விடவில்லை. முன்னால் விழு, பின்னால் விழு, பக்கவாட்டில் விழு. விழும்போது சும்மா இருக்கிற கையால் பாயை ஓங்கித் தட்டு. அந்தத் தட்டுதான் அடியை வாங்கிக்கொள்ளும், உடம்பு வாங்காது. இதுதான் பாடம்.

1977 ஜூனில் பள்ளி திறந்ததும் சனிக்கிழமை காலைகளில் ஜூடோ வகுப்பு ஆரம்பித்தேன். காரணம் ரவுடிகள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பிள்ளைகள் வாலிபால் ஆடுவதைப் பார்த்திருந்தால் தெரியும். பந்து இரண்டடி தள்ளி விழுந்தால் பாயமாட்டார்கள், வழியனுப்புவதுபோல நின்று பார்ப்பார்கள். பிறந்ததிலிருந்து அவர்கள் கேட்டுவந்தது ஒரே வார்த்தைதான். ஓடாதே, விழுந்துவிடுவாய். ஏறாதே, விழுந்துவிடுவாய். சைக்கிளா, வேண்டவே வேண்டாம், விழுந்துவிடுவாய். பதினாறு வயதுக்குள் தரையைப் பார்த்தே பயப்படுகிற பிள்ளைகளாக அவர்களை ஆக்கிவைத்திருந்தோம். தரை அப்படி ஒன்றும் கடிக்காது என்று காட்டவேண்டும் என்று எனக்கு வெறியாக இருந்தது.

பழைய துறைமுகத்தில் ஒரு தோணிக்காரரிடம் கிழிந்துபோன பாய்மரத் துணியைக் கேட்டு வாங்கினேன். மில்லில் கழித்துப்போட்ட பஞ்சை உள்ளே அடைத்து, கோணி ஊசியால் பிள்ளைகளும் நானுமாகத் தைத்தோம். பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி மெத்தை. காடாத் துணியில் கழுத்துப்பட்டை தடித்த கோட்டும் முழு பேன்ட்டும் டெய்லர் தைத்துக் கொடுத்தார். சபை ஹாலில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, ஆண்கள் யாரும் உள்ளே வராமல், பதினாலு பிள்ளைகள் காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை தொப்புத் தொப்பென்று விழுந்தார்கள். முதல் நாள் அழுதார்கள், இரண்டாம் சனிக்கிழமை சிரித்தார்கள். மூன்றாவது சனிக்கிழமை பிளாரன்ஸ் என்ற பிள்ளை என்னிடம் வந்து, “டீச்சர், நேத்து வீட்டுப் படியில வழுக்கிட்டு. விழுந்தேன், அடியே படல. எங்கம்மாதான் கத்துனா” என்றாள். எனக்கு அன்றைக்கு முழுவதும் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்த வாரமே கமிட்டி வந்துவிட்டது. எபனேசர் அண்ணாச்சியும், பிளாரன்ஸின் அப்பா தேவபிரசாதமும். தேவபிரசாதம் துறைமுகத்தில் ஒரு ஆபீஸில் கிளார்க், கமிட்டியிலும் மெம்பர். அமைதியான மனிதர், ஆனால் யார் கடைசியாகப் பேசுகிறாரோ அவர் சொன்னதையே தன் கருத்தாக வைத்துக்கொள்வார். மகள் மூன்று வாரமாக விழுந்துகொண்டே இருக்கிறாளே, எப்போதுதான் தூக்கிப் போடுவாள் என்று கேட்டார். எபனேசர் அண்ணாச்சி வேறு யோசனையோடு வந்திருந்தார். ஆறு வாரத்தில் அசனப் பண்டிகை. சபை முழுவதும் கூடிச் சாப்பிடுகிற நாள், வெளியூர்களிலிருந்து பெரியவர்கள் வருவார்கள். மேடையில் பிள்ளைகள் ஜூடோ காட்டினால் பள்ளிக்கு நல்ல பெயர். ஆனால் விழுந்து காட்டினால் யார் பார்ப்பார்கள்? தூக்கிப் போட்டுக் காட்ட வேண்டும். இன்னொன்று, ஆண்கள் முன்னால் பேன்ட் போட்டு நிற்கக்கூடாது, கோட்டுக்குக் கீழே முழுப் பாவாடை கட்டிக்கொள்ளட்டும்.

நான் மறுத்தேன். பத்து நிமிடம் மறுத்திருப்பேன். அதன்பிறகு அண்ணாச்சி ஹால் சாவியை மேஜைமேல் வைத்து, அதை ஒரு விரலால் மெல்ல நகர்த்தினார். “ஹாலு சபை ஹாலு டீச்சர். சபைக்கும் ஏதாவது செய்யணும்லா” என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். நாலாவது சனிக்கிழமையிலிருந்து விழுகிற பயிற்சியைக் குறைத்தேன், தூக்கிப் போடச் சொல்லிக்கொடுத்தேன். பேன்ட்டோடுதான் பழகினோம். பாவாடை பண்டிகை அன்றைக்கு மட்டும்தானே, சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். ஜூடோ தெரிந்தவள், முப்பத்திரண்டு வயதுக்காரி, இப்படி நினைத்தேன்.

பண்டிகை மேடையில் ஜெபகனி என்ற பிள்ளை பிளாரன்ஸை இடுப்பில் ஏற்றிப் போட்டாள். அழகான வீச்சு, பந்தலே கைதட்டியது. பிளாரன்ஸ் எழுந்திருக்கவில்லை. இடது தோளின் முனையில் முழுப் பாரமும் இறங்கி, காறை எலும்பு ஒடிந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவள் அழாமல் உதட்டைக் கடித்துக்கொண்டே வந்தாள். அழுதது நான்தான்.

பண்டிகை முடிந்து மூன்றாவது ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் ஹாலில் கூட்டம். ஜூடோ வகுப்பு தொடர்வதா, மூடுவதா? அதைத்தான் முடிவு செய்ய வேண்டும். எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. செயலர் கிருபாநிதி சார் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். எந்த விஷயமானாலும் கரும்பலகையில் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் நன்மை, மறுபக்கம் தீமை என்று எழுதி, இரண்டு பக்கமும் பாயிண்ட் சேர்ந்த பிறகுதான் ஓட்டெடுக்க விடுவார். ஹாலுக்கு என்ன கலர் வெள்ளையடிப்பது என்பதற்கே ஒரு வருஷம் பலகை நிறைய எழுதி, கடைசியில் வெள்ளையையே அடித்தோம். அன்றைக்கும் பலகையில் ‘ஜூடோ பயிற்சி’ என்று தலைப்புப் போட்டு அடிக்கோடு இழுத்தார். ஆண்கள் நாற்காலியில், பெண்கள் எதிர்ப்பக்கம் பாயில். ஓட்டு கமிட்டி மெம்பர்கள் ஒன்பது பேருக்கு. ஒன்பதும் ஆண்கள் என்பதை நான் சொல்லாமலே புரிந்திருக்கும்.

எபனேசர் அண்ணாச்சி ஆரம்பித்தார். வகுப்பு தொடங்கும்போதும் முடியும்போதும் பிள்ளைகள் குனிந்து வணங்குகிறார்களாம். தன் வீட்டு வேலைக்காரி ஜன்னல் இடுக்கில் பார்த்துச் சொன்னாளாம். “பாயப் பாத்துக் கும்பிடுதாளுவ. ஒருத்திய ஒருத்தி கும்பிடுதாளுவ. இது எந்த வேதத்துல இருக்கு?” என்றார். விக்கிரகத்தை வணங்காதே என்கிற இரண்டாம் கற்பனைக்கு விரோதம் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். கிருபாநிதி சார் தீமையின் கீழே ‘1. வணக்கம்’ என்று எழுதினார்.

எனக்கு மூக்குக்குமேல் கோபம் வரும் என்பது சபைக்கே தெரியும். அன்றைக்குக் கோபப்படக்கூடாது என்று தீர்மானித்துத்தான் வந்திருந்தேன். மெதுவாகவே கேட்டேன். அண்ணாச்சி கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்கிறவர். புது துறைமுகம் திறந்த இந்த மூன்று வருஷத்தில் வெளிநாட்டுக் கேப்டன்கள் கடைக்கு வரும்போதெல்லாம் இடுப்பு வளையக் குனிகிறாரே, அது ஆராதனையா, மரியாதையா? பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாயைக் குனிந்து பார்ப்பது கும்பிடுவதற்கு இல்லை, ஊசி கீசி கிடக்கிறதா என்று பார்க்கத்தான் என்றேன். எதிரே நிற்பவளுக்குக் குனிவது, உன்னைக் காயப்படுத்தமாட்டேன் என்று சொல்வதற்கு. கிருபாநிதி சார் வணக்கத்தை அழிக்காமல், நன்மைப் பக்கமும் ‘1. வணக்கம்’ என்று எழுதிக்கொண்டார். அவர் நியாயம் அது.

அடுத்து எழுந்தவர் எஸ்றா. ஆண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர், கமிட்டியில் இளையவர், பையன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுப்பவர். இவர்தான் எனக்குச் சரியான எதிராளி, ஏனென்றால் விஷயம் தெரிந்தவர். ஜூடோவில் பிடித்து இழுக்கக் கோட்டு வேண்டும், இல்லாவிட்டால் பாதி வித்தை போச்சு என்றார். “நம்ம ஊர் வெயில்ல எவன் டீச்சர் கோட்டு போட்டுக்கிட்டு வாரான்? ஹார்பர்ல பாதிப் பேரு வெத்து உடம்பு. வேர்வையும் உப்புமா இருக்கும். எதைப் புடிச்சித் தூக்குவிய?”

உண்மை என்றேன். எழுதச் சொன்னேன். கிருபாநிதி சார் திரும்பி என்னைப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. ஜூடோவில் குத்து இல்லை, உதை இல்லை, எழுதுங்கள். எதிரில் இரண்டு பேர் வந்தால் ஒருவனைப் பிடித்திருக்கும்போது இன்னொருவன் அடித்துவிடுவான், எழுதுங்கள். கையில் கத்தி இருந்தால் ஓடுவதுதான் புத்தி. சொல்லிக்கொடுக்க ஆள் சரியில்லாவிட்டால் கழுத்து முறியும். எவரும் ஆறு மாதத்தில் படித்துவிட முடியாது, இரண்டு வருஷம் ஒழுங்காக வரவேண்டும். இதில் பாதி பேருக்குப் பொறுமை கிடையாது. தீமைப் பக்கம் ஏழு ஆகிவிட்டது. அண்ணாச்சிக்கே இனி சேர்க்க ஒன்றும் இல்லை. என் வக்கீல் வேலையையும் அவர் வக்கீல் வேலையையும் நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் என்னத்துக்குத்தான் இது என்று எஸ்றா கேட்டார். நக்கலாக இல்லை, நிஜமாகவே கேட்டார்.

எட்டு வருஷமாக ஜூடோ தெரிந்தவள் நான் என்றேன். இந்த எட்டு வருஷத்தில் தெருவில் ஒரு ஆளைக்கூடத் தூக்கிப் போட்டதில்லை, போட வேண்டி வந்ததும் இல்லை. ஆனால் நாலு தடவை விழுந்திருக்கிறேன். ஓடுகிற பஸ் படியிலிருந்து ஒரு தடவை. பீச் ரோட்டில் சைக்கிளிலிருந்து ஒரு தடவை. குளியலறையில், பிறகு பாலத்துப் படிக்கட்டில். நாலு தடவையும் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்து போனேன். குத்துச்சண்டை படித்தவனை நடுவழியில் யாராவது குத்த வந்தால்தான் அது உதவும். தரை தினமும் வருகிறது. சின்ன உடம்புக்காரி பெரிய உடம்புக்காரியைத் தள்ள வேண்டியதில்லை, அவள் தள்ளுகிற பக்கமே கூட்டிக்கொண்டு போனால் போதும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது தெரியும். அது தெரிந்த பிள்ளையின் நடையே வேறு மாதிரி இருக்கும். போய்ப் பாருங்கள் என்றேன்.

எஸ்றா உட்கார்ந்துகொண்டார். கிருபாநிதி சார் நன்மைப் பக்கம் ‘விழுதல்’ என்று எழுதினார்.

அப்போதுதான் தேவபிரசாதம் எழுந்தார். அவர் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை. கையை நாற்காலியின் முதுகில் ஊன்றிக்கொண்டார்.

“அப்ப எம் மவ ஏன் டீச்சர் எந்திரிச்சி நடக்கல?”

இந்தக் கேள்விக்காகத்தான் மூன்று வாரமாகத் தூங்காமல் இருந்தேன். எனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னேன். மூன்று மாதம் விழப் பழக வேண்டிய பிள்ளையை மூன்றே வாரம் பழக்கி மேடை ஏற்றிவிட்டேன். தட்ட வேண்டிய கை பழக்கத்துக்கு வரவில்லை. தப்பு என்னுடையது, ஜெபகனியுடையது இல்லை, பிளாரன்ஸுடையது இல்லை. அதைக் கேட்டதும் அண்ணாச்சி முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதைப் பார்த்தபோது வந்த ஆத்திரத்தை இன்னும் மறக்கவில்லை.

“டீச்சரே ஒத்துக்கிட்டாவ. பிள்ளையையும் ஒரு வார்த்த கேட்டிருவோம்” என்றார் அண்ணாச்சி. கட்டுப்போட்ட கையோடு ஒரு பிள்ளை முன்னால் நின்றாலே போதும், ஓட்டு விழுந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். பெண்கள் பக்கத்திலிருந்து பிளாரன்ஸ் எழுந்து வந்தாள். இடது கை கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. டீச்சர் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை, அதனால்தான் விழத் தெரியாமல் விழுந்தாய், அப்படித்தானே என்று அண்ணாச்சி கேட்டார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவையும் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தே பேசினாள்.

“எனக்கு விழத் தெரியும். கை மறந்துபோகல. ஜெபகனி தூக்கினப்போ பாவாட மேல ஏறிட்டு. முன்வரிசையில பெரியவுக எல்லாரும் உக்காந்திருந்தாவ. தட்டவேண்டிய கையால பாவாடயப் புடிச்சிக்கிட்டேன்.”

ஒடியும் என்று நினைக்கவில்லையா என்று கிருபாநிதி சார் மெதுவாகக் கேட்டார்.

“தெரியாது சார். ஆனா தெரிஞ்சிருந்தாலும் பாவாடயத்தான் புடிச்சிருப்பேன். அப்பாவும் அங்கனதான உக்காந்திருந்தாவ” என்றாள்.

நான் போட்டிருந்த கணக்கு முழுவதும் அந்த நிமிடத்தில் தப்பாகிப்போனது. பிள்ளைக்குப் பழக்கம் போதவில்லை என்று மூன்று வாரமாக என்னை நானே தின்றுகொண்டிருந்தேன். அவளுக்குப் பழக்கம் இருந்தது. மூன்று வாரத்தில் நான் கற்றுக்கொடுத்ததைவிடப் பதினாறு வருஷமாக நாங்கள் எல்லோரும் கற்றுக்கொடுத்தது பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். அந்தக் கைக்கு இரண்டு வேலை இருந்தது, எலும்பைக் காப்பாற்றுவது, மானத்தைக் காப்பாற்றுவது. எதை முதலில் செய்ய வேண்டும் என்று அந்தக் கைக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. பேன்ட்டைக் கழற்றிவைத்துவிட்டுப் பாவாடையை அவள் இடுப்பில் கட்டியது இந்தக் கமிட்டி. முடிச்சைச் சரியாகப் போட்டிருக்கிறாளா என்று மேடைக்குப் பின்னால் இழுத்துப் பார்த்தது நான்.

கிருபாநிதி சார் சாக்பீஸோடு பலகைக்கு முன்னால் நின்றார். இந்தப் பக்கம் போனார், அந்தப் பக்கம் போனார். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன மனிதர், “இத எந்தப் பக்கம் எழுத?” என்று என்னையே கேட்டார்.

“எந்தப் பக்கமும் எழுதாதிய சார்” என்றேன். “இது ஜூடோவோட தீமை இல்ல. நான் உங்களுக்குக் கீழ்ப்படிஞ்சதோட தீமை.”

அப்படியே விட்டிருந்தால் ஒருவேளை நான் ஜெயித்திருப்பேன். ஆனால் எபனேசர் அண்ணாச்சி வியாபாரி, எந்தச் சரக்கையும் விலை பேசாமல் விடமாட்டார். சமாதானமாகப் போய்விடலாம் என்றார். வகுப்பு நடக்கட்டும். மேடை வேண்டாம், தூக்கிப் போடுவதும் வேண்டாம். குனிந்து வணங்குவதை விட்டுவிட்டு ஒரு ஜெபத்தோடு தொடங்கட்டும். பேன்ட் மட்டும் கூடாது, அது பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசும்போது இடைஞ்சலாக வரும். பாவாடையோடு கை கால் நீட்டி மடக்குகிற எக்ஸர்சைஸ் ஏதாவது சொல்லிக்கொடுத்தால் ஹால் என்றைக்கும் என்னுடையது. சாவி அன்றைக்கும் அவர் விரலில்தான் இருந்தது.

பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஒத்துக்கொள்ளுங்கள் டீச்சர் என்று என் காதுபடவே சொன்னார்கள். அவர்கள் என் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். பள்ளி நிர்வாகமும் இதே கமிட்டிதான். வேலைக்கும் சேர்த்துத்தான் அன்றைக்கு ஓட்டு.

“உங்க பேச்ச ஒரு தடவ கேட்டேன், பிள்ளைக்குக் காறை ஒடிஞ்சிட்டு. இனிமே கேக்கமாட்டேன் அண்ணாச்சி” என்றேன். “சொல்லிக்குடுத்தா முழுசாச் சொல்லிக்குடுப்பேன். பேன்ட்டு உண்டு, வணக்கம் உண்டு, மூணு மாசம் விழுகது உண்டு. அதுக்கு ஹாலு கிடையாதுன்னா எனக்கு உங்க ஹாலு வேண்டாம்.”

ஓட்டெடுத்தார்கள். வகுப்பை மூட ஏழு கை. தொடர ஒரு கை, அது எஸ்றாவுடையது. ஜூடோ பிரயோஜனம் இல்லை என்றுதானே பேசினீர் என்று அண்ணாச்சி அவரிடம் பாய்ந்தார். பிரயோஜனம் இல்லை என்று நினைப்பதையெல்லாம் மூட ஆரம்பித்தால் முதலில் இந்தப் பலகையை மூட வேண்டியிருக்கும் என்றார் எஸ்றா. தேவபிரசாதம் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு முதல் ஆளாக வெளியே போய்விட்டார். கோழை என்று மனதுக்குள் திட்டினேன். ஒருவேளை வாய்விட்டும் சொல்லியிருப்பேன்.

வியாழக்கிழமை பள்ளியில் எனக்கு ஒரு மெமோ வந்தது. சபையின் முடிவுக்கு மாறாக வகுப்பு எங்கேயும் நடத்தமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அதே தாளின் பின்பக்கம், ‘சனிக்கிழமை காலை ஏழு மணி, கடற்கரை மணல், பேன்ட் அவசியம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பியூனிடமே திருப்பிக் கொடுத்தனுப்பினேன். அதையே வகுப்பு வகுப்பாகப் போய்ப் பிள்ளைகளிடமும் சொன்னேன்.

சனிக்கிழமை ஆறு பேர் வந்தார்கள். பதினாலில் ஆறு. ஜெபகனி முதலில் வந்து நின்றாள். மூன்று வாரமாகச் சாப்பிடாத முகம், ஆனால் பேன்ட் போட்டிருந்தாள். வீட்டிலிருந்து சேலையைச் சுற்றிக்கொண்டு வந்து, மணலில் உருவி மடித்துவைத்தார்கள். மெத்தை ஹாலுக்குள் பூட்டிக் கிடந்தது. மணலுக்கு மெத்தை எதற்கு? வலையை உதறிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். மீன் வாங்க வந்தவர்கள் கூடையோடு நின்றார்கள். குமரிப்பிள்ளைகள் பேன்ட் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் விழுந்து எழுந்ததை இந்த ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை. சிரித்தார்கள், சீட்டி அடித்தார்கள். நான் பிள்ளைகளிடம், சிரிப்புச் சத்தம் கேட்கும்போது கை எங்கே போகிறது என்று மட்டும் கவனியுங்கள் என்றேன். முதலில் நானே விழுந்தேன். முன்னால், பின்னால், பக்கவாட்டில். ஓங்கித் தட்டினேன், மணல் கண்ணுக்குள் போனது.

பீச் ரோட்டில் அண்ணாச்சியின் கார் நின்றது. கண்ணாடியை இறக்கிக்கொண்டு, “இன்னும் விழத்தான் சொல்லிக்குடுக்கியளா?” என்று கேட்டார். திங்கட்கிழமை வேலை இருக்காது என்பதை அவர் முகத்திலேயே பார்த்தேன். “ஆமா அண்ணாச்சி. இன்னும் மூணு மாசம்” என்றேன். கார் கிளம்பிப் போய்விட்டது. திங்கட்கிழமை எனக்கு வேலை இல்லைதான். அந்தக் கதை வேறு.

எட்டு மணி இருக்கும், ஒரு சைக்கிள் மணல் ஓரமாக வந்து நின்றது. தேவபிரசாதம். பின்னால் கேரியரில் பிளாரன்ஸ், கட்டுப்போட்ட கையோடு. மகளைத் திட்டி இழுத்துவந்து என்முன் நிறுத்தப்போகிறார் என்றுதான் நினைத்தேன். கோழை என்று சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும் என்றும் நினைத்தேன். பதிலுக்குப் பதில் பேசத் தயாராக எழுந்து நின்றேன், உடம்பெல்லாம் மணல்.

அவர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டார். வேடிக்கை பார்க்கிற கூட்டத்தை ஒரு தடவை முழுக்கப் பார்த்தார். அவருடைய ஆபீஸ் ஆட்களும் அதில் இரண்டு பேர் இருந்தார்கள். கையைத் தூக்கி அவர்களுக்கு வணக்கம் சொன்னார். பிறகு என்னிடம் வந்தார்.

“இவ பேன்ட்ட நான் வெட்டி சைக்கிள் தொடைக்கப் போட்டுட்டேன், டீச்சர். பண்டிகைக்கு மறுநாளே. புதுசு தைக்க எத்தன மீட்டர் துணி வேணும்?”

எனக்கு உடனே இளகிப்போகிற சுபாவம் கிடையாது. இரண்டரை மீட்டர், காடா, வேறு துணி ஆகாது என்றேன். எலும்பு கூடுகிறவரை கரையில் உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும் என்றேன். கூடிய பிறகும் விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியாது, முதலிலிருந்து வரவேண்டும். மூன்று மாதம் அவள் யாரையும் தூக்கிப் போடமாட்டாள், இந்த மணலில், இத்தனை பேர் பார்க்க, விழுந்துகொண்டேதான் இருப்பாள். சம்மதமா என்று கேட்டேன்.

பிளாரன்ஸ் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“விழட்டும் டீச்சர்” என்றார் தேவபிரசாதம்.